ச-4 தட்டில் நூற்று நான்கு

ஜனவரி 5, திங்கள்

புழு வந்துவிட்டது. இரண்டாவது தோல் உரித்து எழுந்த ஆயிரம் பட்டுப்புழுக்கள், ஈரத்துணி போர்த்திய பெட்டியில், மினி டெம்போவில். டிரைவர் பெட்டியை இறக்கிவிட்டு, "இதுக்கா மேடம் ஏசி கேட்டீங்க?" என்றார். நான் ஏசி கேட்கவில்லை. வெயிலில் வைக்காதீர்கள் என்றுதான் சொன்னேன்.

மதியத்துக்குள் பத்துத் தட்டுகளில், தட்டுக்கு நூறாகப் பிரித்துவிட்டேன். எந்தத் தட்டு எந்தக் குழுவுக்கு என்பதைச் சீட்டுப் போட்டு எடுத்தேன். ஐந்து தட்டு க, ஐந்து தட்டு ச. ஒரு குழுவுக்கு முருங்கை இலைப்பொடி கரைத்துத் தெளித்த மல்பெரி இலை. இன்னொரு குழுவுக்குச் சத்தே இல்லாத வெறும் பச்சைப் பொடி. எது எது என்று எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. தெரிந்தால் கை தானாக ஒரு பக்கம் இரண்டு இலை கூடப் போடும். பொட்டலம் கட்டிய, என்னோடு லேபில் இருந்த இளம்பரிதிக்கு மட்டும்தான் தெரியும். அவன் ஜப்பானில் இருக்கிறான்.

கடைசியில் இரண்டு குழுவின் கூடுகளையும் எடை போட்டு, சராசரிகளை ஒப்பிட வேண்டும். வித்தியாசம் வந்தால் அது நிஜமா, தற்செயலா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அத்தோடு என் ஆராய்ச்சி முடியும். அப்பா இப்போதே 'முனைவர் மணிமொழி' என்று கேட்டில் மாட்டப் பலகைக்குச் சொல்லிவிட்டார். ஆசைக்கு அளவே இல்லை.

ஆராய்ச்சிக் குறிப்புக்குத் தனி நோட்டு இருக்கிறது. இது எனக்கு. இத்தனை வருஷமாக அன்றன்று நடந்ததையெல்லாம் பரிதியிடம் கொட்டிப் பழகிவிட்டது. இந்த ஒரு மாதம் அவனோடு பேசக்கூடாது. அவன் மனதில் ஒன்றை வைத்துக்கொள்ளத் தெரியாதவன். பேசினால் குரலிலேயே எது முருங்கை என்று காட்டிக்கொடுத்துவிடுவான். அதனால் கணக்கெல்லாம் முடிந்த பிறகு நான் கூப்பிடுவேன், அவன் சொல்வான். அதுவரை போன் இல்லை, மெசேஜ் இல்லை. முழுக்க முழுக்க அறிவியல் காரணம்.

ஜனவரி 6

காலையில் காசு சுண்டினேன். பூ விழுந்தால் க-வுக்கு முதலில் இலை, தலை விழுந்தால் ச-வுக்கு. தட்டுகளைத் தினமும் இடம் மாற்றி அடுக்க வேண்டும். ஜன்னல் பக்கத்துத் தட்டுக்குக் காற்று அதிகம் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக்கூடாது.

கொட்டகை சென்னம்மாவுடையது. ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை போகும் வழியில், மல்பெரித் தோட்டத்து நடுவில் இருக்கிறது. அவர் புழு ஒரு பாதியில், என் புழு மறு பாதியில். நான் காசு சுண்டுவதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, புழு வளக்க வந்தியா, சூதாட வந்தியா?" என்றார்.

பொட்டலங்களின் மேல் பரிதியின் கையெழுத்து. அவன் ச கோணலாக, கீழே விழப் போகிற மாதிரி இருக்கும். காலிப் பொட்டலங்களைத் தூக்கிப் போடவில்லை. பிறகு சரிபார்க்க உதவும்.

ஜனவரி 7

எழுதாமல் விட்டால் மறைத்த மாதிரி ஆகும். எழுதிவிடுகிறேன்.

ஜப்பான் கிளம்பிய அன்று ஓசூர் பஸ் ஸ்டாண்டில், ஏர்போர்ட் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, பரிதி டீயைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "நீயும் வந்துடேன் மொழி. கல்யாணம் பண்ணிக்கிட்டுச் சேர்ந்தே இருக்கலாம்." ரெண்டு வருஷ வேலை அவனுக்கு, அங்கே ஒரு பட்டு ஆய்வகத்தில். நான், "புழு கூடு கட்டட்டும், சொல்றேன்" என்றேன். அவன் தலையாட்டினான். பஸ் வந்துவிட்டது.

ஊரை விட்டுப் போகிற பதற்றத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்பார்கள். இத்தனை வருஷம் கேட்காதவன் பஸ் வருகிற நேரத்தில் கேட்டால், அது நிஜமா, தற்செயலா? ஒரு மாதம் போனால் தெரிந்துவிடும். யோசிக்க எனக்கும் நேரம் வேண்டாமா?

அப்போதே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 9

எல்லாம் தூக்கம். தோல் உரிக்கும் முன்னால் புழு தலையைத் தூக்கியபடி அப்படியே அசையாமல் இருக்கும். இலை போடக்கூடாது, தொடக்கூடாது. எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாத நாள் மோசமான நாள்.

இளநிலை மாணவர்களின் விடைத்தாள் கட்டு வந்திருந்தது, திருத்தினேன். பாதிப் பேர், கணக்கில் வித்தியாசம் பிடிபடவில்லை என்றால் உடனே 'இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை' என்று எழுதித் தொலைக்கிறார்கள். போன வருஷம் வரை பரிதிதான் இந்த வகுப்பு எடுத்தான். இந்த வரியைப் பார்த்தால் மேசையைத் தட்டிக் கத்துவான்: "'இல்ல' வேற, 'தெரியல' வேறடா!" ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதினால்தான் மதிப்பெண். அவன் கத்துவது வராண்டா முழுக்கக் கேட்கும். நானும் இன்று எல்லாருக்கும் மதிப்பெண் குறைத்தேன். கொட்டகை அமைதியாக இருந்தது.

ஜனவரி 10

எழுந்துவிட்டன. ச-4 தட்டில் ஒன்பது செத்துக் கிடந்தன. ச-2-இல் மூன்று. க தட்டுகளில் இழப்பு இல்லை. மனசு கேட்கவில்லை, ஆனாலும் குறித்துக்கொண்டு இலை போட்டேன்.

ஜனவரி 12

கொட்டகைக்குப் பின்னால் ஒரு பாறை. அதன் மேல் ஏறினால்தான் டவர் கிடைக்கும். சாயங்காலம் ஏறினேன். மழை வருமா என்று போனில் பார்க்க வேண்டியிருந்தது; ஈரம் கூடினால் புழுவுக்கு நோய் வரும்.

இறங்கும்போது சென்னம்மா, "தை பொறக்கப் போவுது, இப்ப எங்கேந்து மழை வரும்? நேத்தும் பாத்தே, மொந்தா நாளும் பாத்தே" என்றார். இவருக்கு வேறு வேலை இல்லை.

ஜனவரி 14, போகி

நான்காவது தூக்கம் தொடங்கிவிட்டது. இதுதான் கடைசித் தூக்கம். நாளை இரவு வரை எழாது. அம்மா நச்சரிப்பதால் பொங்கலுக்குப் பாலக்கோடு போகிறேன். நாளை சாயங்காலமே திரும்பிவிடுவேன். ஒருவேளை தாமதமானால் என்று சென்னம்மாவிடம் பொட்டலங்களைக் கொடுத்து, க பொடி க தட்டுக்கு, ச பொடி ச தட்டுக்கு என்று சொன்னேன். "எத்தினி வாட்டி சொல்லுவே? எனுக்கு எழுத்துத் தெரியும்மா" என்று கோபித்துக்கொண்டார்.

ஜனவரி 15, பொங்கல்

வீட்டில் டவர் நன்றாக இருக்கிறது. எல்லாரும் வாழ்த்து அனுப்பினார்கள். பத்தாம் வகுப்பில் கூடப் படித்த, முகமே மறந்துபோன பெண்கூட அனுப்பினாள்.

இன்று போகவில்லை. பஸ்ஸெல்லாம் கூட்டம்.

ஜனவரி 16

இன்றும் போகவில்லை. அம்மாவுக்கு வயிறு சரியில்லை. அம்மா, "எனக்கு ஒண்ணுமில்ல, நீ கெளம்பு" என்றாள். அப்படித்தான் சொல்வாள். மாட்டுப் பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறவர்களும் உண்டு.

ஜனவரி 17

திரும்பிவிட்டேன். பரிதி விதியை மீறவில்லை. நல்லது. ரொம்ப நல்லது. விதி என்றால் விதிதானே. நான் வைத்த விதியை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கிற ஆள் கிடைப்பது அரிது.

ரொம்பக் கோபமாக இருக்கிறது. யார் மேல் என்று தெரியவில்லை.

புழுவெல்லாம் எழுந்து நன்றாகத் தின்கின்றன. ச-4 தட்டு வெறிச்சென்று இருந்தது, இப்போது நிறைவாகத் தெரிகிறது. புழு பெருத்தால் தட்டு நிறையத்தானே செய்யும்.

ஜனவரி 19

ஐந்தாம் பருவம் பசியின் பருவம். வாழ்நாளில் தின்கிற இலையில் பெரும்பங்கை இந்த ஒரு வாரத்தில் தின்கின்றன. தூறல் விழுகிற சத்தம் மாதிரி கொட்டகை முழுக்கக் கேட்கிறது. இலை வெட்டி வெட்டிக் கை காய்த்துவிட்டது. எழுத நேரம் இல்லை. நினைக்க மட்டும் எப்படியோ நேரம் கிடைக்கிறது.

ஜனவரி 20

பரிதிக்குக் குளிர் ஆகாது. ஓசூர் மார்கழிக்கே மஃப்ளர் கட்டிக்கொண்டு லேபுக்கு வருவான், நாங்கள் எல்லாரும் கிண்டல் செய்வோம். அங்கே இப்போது பனி பெய்யும்.

ஜனவரி 23

புழுக்கள் பழுத்துவிட்டன. உடம்பு கண்ணாடி மாதிரி ஆகி, தலையை இங்கும் அங்கும் ஆட்டிக் கட்ட இடம் தேடுகின்றன. கூடு கட்ட வைக்கும் மூங்கில் தட்டியான சந்திரிகையில் ஒவ்வொன்றாக எண்ணி விட்டேன். தட்டுக்கு ஒரு சந்திரிகை, கலந்துவிடாமல்.

க-2-இல் எண்பத்தேழு. இழப்பு எதுவும் குறிக்கவில்லையே. ச-4-இல் நூற்று நான்கு.

புழு குட்டி போடாது. தொடக்கத்தில் தப்பாக எண்ணியிருப்பேன். முதல் நாள் அலைச்சல், அந்த டெம்போ டிரைவர் வேறு பேசிக்கொண்டே இருந்தார். அதுதான்.

ஜனவரி 25

கட்டுகின்றன. முதல் நாள் மெல்லிய வலைக்குள்ளே தலை ஆடுவது தெரிந்தது. இன்று தெரியவில்லை. சந்திரிகை முழுக்க வெள்ளை.

சென்னம்மா ஒரு கூட்டைக் காதருகே ஆட்டிப் பார்த்து, "கட்டிட்டுச்சும்மா. இனிமே சொல்லிர வேண்டியதுதானே?" என்றார். நான் அவரிடம் எதுவும் சொன்னதே இல்லை. "என்னத்தச் சொல்ல?" என்றேன். "அது எனுக்கென்னா தெரியும்? பாறை மேல குந்திக்கினு கூடு கட்டட்டும், கூடு கட்டட்டும்னு நீதான் தனியா பேசிக்கினு இருந்தே."

இனிமேல் வாய்க்குள்ளேயே பேச வேண்டும்.

ஜனவரி 28

கூட்டை இன்னும் எடுக்கக்கூடாது. உள்ளே புழு கூட்டுப்புழுவாகி, தோல் கெட்டிப்பட வேண்டும். அவசரப்பட்டால் எடை தப்பாகும். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்காதா? பொறுக்கவில்லை. என்ன பேசுவது என்று மூன்று விதமாக யோசித்து வைத்திருக்கிறேன். மூன்றிலும் முதல் வரி முருங்கையைப் பற்றியது. இரண்டாவது வரிதான் வரமாட்டேன் என்கிறது.

வருகிறேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அந்த வரி. இந்த நோட்டில் எழுதுகிறபோது எவ்வளவு சுலபமாக வருகிறது.

ஜனவரி 30

எடை போட்டு முடித்தேன். கண் எரிகிறது. நாளை கணக்கு.

ஜனவரி 31, சனி

க தட்டுகளின் சராசரி ஒரு கூட்டுக்கு 1.74 கிராம். ச தட்டுகளின் சராசரி 1.86. ச கனம்!

ஆனால் தட்டுக்குத் தட்டு ஏற்ற இறக்கம் அதிகம். புழு ஆயிரம் இருந்தாலும் கணக்கில் பத்துத் தட்டுகள்தான். ஒரே தட்டில் ஒன்றாக வளர்ந்ததைத் தனித்தனி சாட்சியாக எண்ண முடியாது. இரண்டு பொடியும் ஒன்றே என்று வைத்துக்கொண்டால், இந்த அளவு வித்தியாசம் தற்செயலாகவே வர நூற்றுக்கு ஏழு வாய்ப்பு. ஐந்துக்குக் கீழே வந்தால்தான் ஒத்துக்கொள்வோம் என்று முதலிலேயே முடிவு செய்தது.

ஏழு. நிஜம் என்று சொல்ல முடியவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. என்னை மாதிரியே ஒரு எண்.

பரவாயில்லை. கணக்குப் போட்டாயிற்று, விதிப்படி இனிமேல் கூப்பிடலாம். தலை வாரிக்கொண்டு பாறை மேல் ஏறினேன். போனில் பேசத் தலை எதற்கு வாருவார்கள் என்று பாதி வழியில்தான் தோன்றியது. பரிதி பெயரை எடுத்தேன். விரலை வைக்கப் போகும்போது அந்த நூற்று நான்கு வந்து நின்றது.

தப்பாக எண்ணினேன் என்றே வைத்துக்கொள்வோம். ஒன்பது செத்ததையும் தப்பாகவா எண்ணினேன்? ச-4-இல் தொண்ணூற்றொன்றுக்கு மேல் எப்படி இருக்கும்?

சென்னம்மாவிடம் இது வரை கேட்காமல் இருந்தது மாதிரி இன்னும் ஒரு நாள் கேட்காமல் இருந்தால் போதும். அவனோடு பேசிவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு கூப்பிடாமல் இறங்கிவிட்டேன்.

பிப்ரவரி 1

சென்னம்மா இலை அரிந்துகொண்டிருந்தார். கேட்டேன். "நான் பொங்கலுக்குப் போயிருந்தப்ப தட்டுல ஏதாவது செஞ்சீங்களா?"

முகமெல்லாம் மலர்ந்துவிட்டது அவருக்கு. "அத்த எப்பக் கேப்பேன்னு இருந்தேன்! நீ போன மறுநாளு எழுந்துச்சுங்க. பாத்தா ஒரு தட்டுல நெருக்கடி, இன்னோரு தட்டுல வெறிச்சுனு கீது. நெருக்கமா இருந்தா பெருக்காதும்மா. அங்கேந்து அள்ளி இங்க, இங்கேந்து அள்ளி அங்கன்னு எல்லாத் தட்டுலயும் சமமா பிரிச்சு வுட்டேன். என் புழுவுக்குச் செய்றத உன் புழுவுக்குச் செய்யாம இருப்பேனா?"

"க-லேருந்து ச-வுக்கா?"

"பொடிய மாத்தலம்மா! நீ சொன்னாப்பல க பொடி க தட்டுக்கு, ச பொடி ச தட்டுக்குத்தான் போட்டேன். புழுவத்தான் மாத்துனேன்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. முருங்கை தின்றதும் தின்னாததும் ஒரே தட்டில் கலந்து வளர்ந்திருக்கின்றன. எந்தத் தட்டில் எத்தனை என்று கேட்டால், "புழுவ யாரு எண்ணுவாங்க?" என்கிறார். அவர் சொல்வது சரி. இங்கே புழு வளர்க்கிற யாரும் படுக்கையைச் சமமாகத்தான் பிரித்துவிடுவார்கள். பிரிக்காதீர்கள் என்று நான்தான் சொல்லவில்லை. எழுந்த அன்றைக்கு நான் இங்கே இருந்திருக்க வேண்டும். பாலக்கோட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு வயிற்றில் ஒன்றுமில்லை.

சென்னம்மாவிடம் நன்றாகச் செய்தீர்கள் என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்வது? பிறகு இலைக் கட்டின் மறைவில் உட்கார்ந்து அழுதேன். ஆராய்ச்சிக்காக என்றால் அவ்வளவு அழுகை வராது. இன்னொரு தடவை என்றால் இன்னொரு மாதம் பேசாமல் இருக்க வேண்டும். என்னால் முடியாது.

பிப்ரவரி 2

பாறை மேலிருந்து என் வழிகாட்டி கஸ்தூரி மேடத்தைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "கலந்தது கலந்ததுதான். மொத்தத்தையும் ஒதுக்கிட்டுத் திரும்பப் போடு. பொடி இருக்கா?" என்றார். இருக்கிறது. புழுவை நம்பி ஒரு தடவைக்கு மட்டும் பொட்டலம் கட்ட முடியாது என்று பரிதி இரண்டு தடவைக்குக் கட்டியிருந்தான்.

"எது எதுன்னு யார்கிட்ட இருக்கு?"

"இளம்பரிதிகிட்ட, மேடம்."

"ஜப்பான்லயா? ஏம்மா, ஒரு கவர்ல போட்டு ஒட்டி என் மேசையில வெச்சிருந்தா ஆச்சு. அதுக்கு ஒருத்தன் கடல் தாண்டிக் காவல் காக்கணுமா? அவன் கிட்ட நீ பேசவே மாட்டேங்கறியாமே, சண்டையான்னு அங்கேந்து எனக்கு மெயில் போட்டுக் கேக்கறான்."

டவர் சரியில்லை மேடம் என்று சொல்லி வைத்துவிட்டேன். டவர் நன்றாகத்தான் இருந்தது.

கேட்டிருக்கிறான். என்னிடம் கேட்கக்கூடாது என்ற விதியை மீறாமல், சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறான்.

உறையில் போட்டு ஒட்டும் வழி எனக்குத் தெரியாததா என்ன! போன வருஷம் இன்னொருத்தியின் ஆராய்ச்சிக்கு நானே அப்படித்தான் செய்து கொடுத்தேன்.

பிப்ரவரி 3

கூப்பிட்டுவிட்டேன். நடந்தது நடந்தபடி எழுதுகிறேன், பிறகு மாற்றிச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

முதல் மணியிலேயே எடுத்தான். "மொழி? எடை போட்டாச்சா?"

"போட்டாச்சு. எல்லாம் கெட்டுப்போச்சு. திரும்பச் செய்யணும். எது முருங்கைன்னு சொல்லிடாத."

"சொல்லல. அப்ப எதுக்குக் கூப்பிட்டே? விதிப்படி இன்னொரு மாசம் ஆகணுமே?"

"வர்றேன்னு சொல்லக் கூப்பிட்டேன்."

"எங்க?"

"எங்கன்னா? பஸ் ஸ்டாண்டுல நீதானடா கேட்டே! அங்க. உன்கூட. இந்தத் தடவை புழு கூடு கட்டினதும், எழுதி முடிச்சுட்டு வர்றேன்."

டவர் போய்விட்டதா என்று போனைப் பார்த்தேன். போகவில்லை. எனக்குத்தான் பயம் வந்துவிட்டது. "ஏண்டா, அன்னிக்கு நான் பதிலே சொல்லலன்னதும் நான் மாட்டேன்னு நினைச்சுட்டியா?" என்றேன்.

"இல்ல மொழி." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "'இல்ல' வேற, 'தெரியல' வேற."

மேசையைத் தட்டவில்லை, கத்தவில்லை. ரொம்ப மெல்லச் சொன்னான். கீழே சென்னம்மா மாட்டை அவிழ்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.

பிறகு இருட்டும் வரை பேசினோம். அங்கே இரவு பத்து மணி தாண்டிவிட்டது. மஃப்ளர் மேல் மஃப்ளர் கட்டியிருக்கிறானாம். பொங்கலன்று போனைக் கையில் வைத்துக்கொண்டே லேபில் உட்கார்ந்திருந்தானாம். அத்தனை பேச்சுக்கும் எது முருங்கை என்று அவன் குரலில் எனக்குத் துளிகூடத் தெரியவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

புழு வந்துவிட்டது. ஆயிரம். சென்னம்மா தட்டுகளைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறார். நெருக்கடியைப் பார்க்கப் பொறுக்காமல் இந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்.

காசு சுண்டினேன். இன்று முதலில் ச. பொட்டலத்தில் அந்தக் கோணல் எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பிரித்தேன். சாயங்காலம் பாறை மேல் ஏற வேண்டும். மழை வருமா என்று பார்க்க அல்ல.